‘எடுத்துடு’ என்று சொன்ன வாய்

1

இந்த ஆடியோடு அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. ஊரில் திதி என்றால் ஐயர், எள், வாழைக்காய். ஹாம்பர்க்கில் இருக்கிற எனக்குத் திதி என்றால் முதலில் ஒரு விண்ணப்பம். நான் வேலை பார்ப்பது ஒரு மருத்துவமனையின் கீழ்த்தளத்தில். அறுவை அறையிலிருந்து வருகிற கத்தி, கத்தரி, இடுக்கியையெல்லாம் கழுவி, சரிபார்த்து, சூட்டு ஆவியில் சுத்தம் செய்து மறுபடி மேலே அனுப்புகிற பிரிவு. அங்கே ஷிஃப்ட் மாற்ற வேண்டுமானால் மூன்று வாரம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும், காரணத்தோடு.

முதல் வருடம் ‘அம்மாவின் நினைவு நாள்’ என்று எழுதினேன். இரண்டாம் வருடமும் அதையே எழுதினேன், ஆனால் தேதி வேறு. மேற்பார்வையாளர் அம்மாள் என்னைக் கூப்பிட்டு, “உங்கள் அம்மா போன வருடம் வேறு தேதியில் இறந்தாரே?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, பாவம், உண்மையான சந்தேகம். திதி என்பது நிலாவை வைத்து வருவது என்று என் ஓட்டை ஜெர்மனில் விளக்க ஆரம்பித்து, ‘என் அம்மா நிலாவில் இருக்கிறார்’ என்கிற மாதிரி ஏதோ சொல்லி முடித்தேன். அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். இந்த வருடம் ‘சொந்த வேலை’ என்று எழுதிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் தம்பி சேகர், அம்மாவை எனக்காக ஒரு நாள் வைத்திருக்கவில்லை. என் மூன்று வருடமும் இதைச் சுற்றித்தான் ஓடியது.

அம்மா செத்தது ஒரு வியாழக்கிழமை காலை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் நான் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி, இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்திருந்தேன். வெளிநாட்டு இந்தியர் அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. ஆக, ஆரணியில் பிறந்து வளர்ந்த நான், பெற்ற தாயின் முகத்தைப் பார்க்க விசா வாங்க வேண்டும். வியாழன் முழுக்கக் காகிதம் தேடி, வெள்ளிக்கிழமை காலையில் விசா வரிசையில் நின்று, வாங்கிக்கொண்டு ஓடி, சனிக்கிழமை சென்னையில் இறங்கி, காஞ்சிபுரம், செய்யாறு வழியாகக் காரில் போய் ஆரணியில் எங்கள் தெரு முனையில் இறங்கினேன்.

தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம். அம்மனுக்குக் காப்பு கட்டியாகிவிட்டது. பிணம் கிடக்கிற தெருவில் காப்பு கட்ட மாட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமையே அம்மாவை எடுத்துவிட்டார்கள். வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள், ஈரம்கூடக் காய்ந்திருந்தது.

நான் உள்ளே போகவில்லை. தெருவில் நின்று, சொந்தம், அக்கம்பக்கம், கூழ் ஊற்ற அடுப்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பார்க்க, தம்பியைக் கிழித்தேன். “ஒரு நாள்டா! ஒரே ஒரு நாள் வச்சிகினு இருக்க முடியல உனக்கு? காப்பு முக்கியமாப் போச்சா? நான் ஒருத்தி வந்துகினு கீறேன்னு நெனப்பே இல்லியா?” அவன் என் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் நின்றதே அவன் தப்புக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவனோடு பேச்சு என்றால் குத்தல்தான். சேகர் பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போடுகிறவன். நல்ல கைராசிக்காரன். புது டிசைனில் எனக்கென்று ஒரு புடவை அனுப்பினான், பார்சலைப் பிரிக்காமல் அலமாரியில் போட்டேன். மகளுக்குக் காது குத்தக் கூப்பிட்டான். “நீங்கதான் யாருக்கும் காத்துகினு இருக்க மாட்டீங்களே, நடத்துங்க” என்றேன். அதற்கும், “சரிக்கா” என்றுதான் சொன்னான்.

2

போன குளிர்காலத்தில் எனக்கு ரத்த அழுத்தம் கூடிப்போய், தூக்கமும் கெட்டது. டாக்டர் மாத்திரையோடு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். மன அழுத்தம் குறைக்கும் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து வகுப்பு. இடம் கிடைக்க ஜூன் மாதம் ஆகிவிட்டது. அதில் எட்டுக்காவது போய்க் கையெழுத்து வாங்கினால்தான் சான்றிதழ். புத்தி தெளிவதற்கும் வருகைப் பதிவேடு வைத்திருக்கிற ஊர் இது.

சொல்லிக் கொடுப்பவர் பெயர் ஹைகே. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பெண்மணி, பெரிய கைகள், குட்டை முடி. ஊதுவத்தி, மணி, மெல்லிய குரல் என்று பயந்துகொண்டு போனேன், அந்தப் பேஜாரெல்லாம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்து மேல்மாடி அறையில் பன்னிரண்டு நாற்காலி. “உட்காருங்கள். மூச்சைக் கவனியுங்கள். மனதில் ஏதாவது வரும். வந்ததற்கு ஒரு பெயர் சொல்லுங்கள். அதைப் பிடித்து வைக்கவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம்.” அவ்வளவுதான் பாடம்.

பக்கத்து நாற்காலிக்காரி என்னிடம் ஆசையாகக் கேட்டாள்: “உங்களுக்கு இதெல்லாம் வீட்டிலேயே பழக்கமாக இருக்குமே?” எங்கள் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்தால், உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள், இல்லாவிட்டால் திட்டுவார்கள் என்று சொன்னேன். அவள் அதை ஏதோ ஆழமான தத்துவமாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

முதல் மூன்று வாரம் முழங்கால் வலியையும் சுவர்க் கடிகாரத்தையும்தான் கவனித்தேன். வருவதற்கெல்லாம் ஜெர்மனில் பெயர் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அந்த மொழியில் எனக்கு வருவதெல்லாம் நன்றி, மன்னிக்கவும், இந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது என்கிற அளவுக்கான உணர்ச்சிதான். நாலாவது வாரம் தமிழுக்கு மாறினேன். எரிச்சல். எரிச்சல். பொறாமை. வயிற்றெரிச்சல். அப்பாடா, ஒவ்வொன்றும் அதனதன் பெயரைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தது.

3

கவனிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, எனக்குள்ளே நாள் முழுக்க ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ரயிலில் போகும்போது, கத்தரி கழுவும்போது, வெங்காயம் நறுக்கும்போது, எப்போது பார்த்தாலும் தம்பியை நிற்க வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதே தெரு, அதே வேப்பிலை, அதே கேள்வி. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு நல்ல வார்த்தை சேர்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் நான்தான் ஜெயிக்கிறேன். அவன் பேசுவதே இல்லை.

அதைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது என்று சொல்ல ஆசைதான். போகவில்லை. அலுப்புதான் வந்தது. ஒரே புடவையைத் தினமும் துவைத்துக் காயப்போட்டு, காய்ந்ததும் மறுபடி நனைக்கிற ஒருத்தியைப் பார்த்தால் வருகிற அலுப்பு. ‘போதும்டி’ என்று எனக்கே சொல்லத் தோன்றியது.

இதை ஹைகேயிடம் சொன்னேன். அவர் தன் தொழிலிலிருந்தே பதில் சொன்னார். “முப்பது வருடம் வண்டி ஓட்டினேன். நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் எல்லோரும் என் வண்டியில் ஏற மாட்டார்கள். தங்களுக்கு வேண்டிய வண்டியா என்று பார்ப்பார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். நீங்கள் மட்டும் ஏன் இந்த ஒரே வண்டியில் ஏறிக்கொண்டே இருக்கிறீர்கள்? அது உங்களை எங்கே கொண்டு போகிறது?”

எனக்குச் சுருக்கென்றது. இது என்ன கேள்வி, அநியாயம் நடந்தது எனக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

4

என் மகள் நிலாவுக்குப் பதினைந்து வயது. தமிழ் புரியும், பேசினால் ஜெர்மன் முறுக்கிக்கொண்டு வரும். பாட்டி செத்தபோது அழுதாள். ஆனால் எதை நினைத்து அழுதாள் என்று எனக்குத் தெரியாது, கேட்டால் “தெரியலை, நீ அழுத, நானும் அழுதேன்” என்பாள். வர வர என்னோடு பேசுவதே என் தமிழைக் கிண்டல் செய்வதற்குத்தான் என்று ஆகிவிட்டது. அதற்காவது பேசுகிறாளே என்று நானும் விட்டுவிடுகிறேன்.

திதிக்கு முந்தின வாரம், சனிக்கிழமை, சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, உனக்கு ஒரே ஒரு வினைச்சொல்தான் தெரியும். எடு. போட்டோ எடு. லீவு எடு. போனை எடு. பசி எடுக்குது. வாந்தி எடுத்தா. பஸ் கிளம்பினா, பஸ்ஸை எடுத்துட்டான். ஒரே சொல்லை வச்சு எப்படி வாழ்றீங்க நீங்க எல்லாம்?”

“எங்க ஊருல அதுதாண்டி முக்கியமான சொல்லே” என்றேன். “எந்த ஊர்க்காரங்க ஆரணிக்கு வந்து இறங்கினாலும், ‘புடவை எடுக்க வந்தீங்களா’ன்னுதான் ஆட்டோக்காரரே கேட்பாரு.”

“வாங்குறதுதானே? ஏன் எடுக்கிறது?”

“பட்டுன்னா எடுக்கிறது. கத்திரிக்காய்னா வாங்கிறது.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எவ்வளவு நாளாயிற்று அவள் என்னோடு இப்படிச் சிரித்து! எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. “இன்னும் இருக்காம்மா? இன்னும் சொல்லு” என்றாள். பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, “டிக்கெட் எடுப்போம். செத்தவங்களையும் எடுப்போம். ‘எப்போ எடுக்கறாங்க’ன்னு கேட்டா அதுதான் அர்த்தம்” என்றேன்.

“டிக்கெட்டுக்கும் அதுவா, செத்தவங்களுக்கும் அதுவா? மாறிப் போகாதா?”

“அதெல்லாம் மாறாது. இடத்தை வச்சுத் தெரிஞ்சுக்குவோம்” என்றேன். கை மட்டும் ஏனோ கொஞ்சம் நின்று, மறுபடி தேய்த்தது.

5

மறுநாள் ஞாயிறு, எட்டாவது வகுப்பு. இதற்குப் போனால் கையெழுத்து முடிந்தது, அதோடு நின்றுவிடலாம் என்கிற எண்ணத்தில்தான் போனேன். உட்கார்ந்தேன். வழக்கு ஆரம்பித்தது. தெரு, வேப்பிலை, தம்பியின் குனிந்த தலை. ‘கோபம்’ என்று பெயர் சொன்னேன். அன்றைக்கு ஏனோ நான் அதில் ஏறவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அது கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஓய்ந்துபோய் நகர்ந்தது. அது நகர்ந்த இடத்தில் ஒரு குரல் கேட்டது.

அது என் குரல். ‘எடுத்துடு, எடுத்துடு. ஜல்தி எடுத்துடு.’

விசா வரிசையில் நின்ற அந்த வெள்ளிக்கிழமை. என் வீட்டுக்காரர் அப்போது வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். எனக்கோ காகிதம் தேடவே நேரம் சரியாக இருந்தது. டிக்கெட்டை ஆரணியில் எங்களுக்குப் பழக்கமான டிராவல்ஸில் சொல்லி எடுக்கும் பொறுப்பைத் தம்பியிடம் விட்டிருந்தேன். “விசா உறுதியானதும் நான் சொல்றேன், எடுத்துடலாம்” என்று முந்தின நாள் சொன்னேன். அன்றைக்கு அந்த அறையில் ஒரே இரைச்சல். தம்பி போன் பண்ணினான். விட்டு விட்டுக் கேட்டது. “தெருவுல பேசிகினு கீறாங்கக்கா… சாயந்தரம்… எடுத்துடட்டுமாக்கா? நீ சொல்லு. நீ சொன்னாதான்.” அந்த நேரம் பார்த்து என் எண்ணைக் கூப்பிட்டார்கள். “எடுத்துடு, எடுத்துடு, ஜல்தி எடுத்துடு. எல்லாத்துக்கும் என்னக் கேட்டுகினு நிக்காத” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

நான் டிக்கெட்டைச் சொன்னேன். அவன் கேட்டது அம்மாவை.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை, தெரியாமல் நடந்த பிசகு என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதன் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. விமானத்தில் ஏறுவதற்கு முன் டிக்கெட்டைத் தேடி வாட்ஸ்அப்பைத் திறந்தேனே, அது. சீட்டு கிடைக்காமல் போய்விடும் என்று சேகர் டிக்கெட்டை அன்று விடியற்காலையிலேயே எடுத்து அனுப்பியிருந்தான். அதுவரை நான் திறந்து பார்க்கவில்லை. அந்தச் செய்தியின் நேரத்தைப் பார்த்தேன். காலையிலேயே டிக்கெட் வந்துவிட்டது என்றால், பிறகு அவன் எதைக் கேட்டான்? அந்தக் கேள்வி வந்தது. நன்றாக நினைவிருக்கிறது, வந்தது. உடனே போனை அணைத்துக் கைப்பையில் போட்டேன்.

அதாவது எனக்குத் தெரியும். தெருவில் நின்று கத்துவதற்கு முன்பே ஒரு மூலையில் தெரியும். அந்த மூலையைப் பார்க்காமல் இருக்கத்தான் அவ்வளவு சத்தம் போட்டேன். மூன்று வருடம் தினமும் வழக்கு நடத்தினேன். சீ, என்ன பிழைப்பு என்று இருந்தது.

அழுகை வந்தது. அவமானம் வந்தது. இரண்டுக்கும் பெயர் சொன்னேன். நான் துரத்தவில்லை, இரண்டும் கொஞ்ச நேரம் என்னோடு உட்கார்ந்திருந்தன. வகுப்பு முடிந்து எல்லோரும் நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ஹைகே அவருடைய பெரிய கைக்குட்டையைக் கொடுத்தார். கையெழுத்து வாங்க மறந்துவிட்டேன்.

6

திதியன்று காலை இங்கே எட்டு மணி, அங்கே பதினொன்றரை. படையல் முடிந்து காக்கைக்குச் சோறு வைத்திருப்பான் என்று கணக்குப் போட்டுக் கூப்பிட்டேன்.

“இப்பத்தான்க்கா முடிஞ்சிது” என்றான். குரலில் அந்த வழக்கமான பயம், அக்கா இன்றைக்கு எங்கே குத்தப்போகிறாளோ என்று.

“சேகரு, ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாத. அன்னிக்கு நீ போன் பண்ணி எடுத்துடட்டுமான்னு கேட்ட. நான் டிக்கெட்டுன்னு நெனச்சிகினு எடுத்துடுன்னுட்டேன். அம்மாவ எடுக்கச் சொன்னது நான்தான். அத உன் தலைல போட்டு மூணு வருசம் உன்ன வறுத்துட்டேன். தப்பு என்னுதுடா.”

அந்தப் பக்கம் கோயில் ஸ்பீக்கர் மட்டும் தூரத்தில் கேட்டது. “இருக்கியா?” என்றேன்.

“கீறேன்க்கா.” என்றான். “உனுக்கு இது இப்பத்தான் தெரியும். எனுக்கு அன்னிக்கே தெரியும்.”

“இன்னாடா சொல்ற?”

“நீ போன வச்ச உடனேயே தெரிஞ்சிபோச்சிக்கா. நீ டிக்கெட்டத்தான் சொல்றன்னு. திரும்பிப் போன் பண்ணிக் கேக்கணும். போன் கைலதான் இருந்திச்சி. பண்ணல. தெருக்காரங்க மொத்தம் வாசல்ல நின்னுகினு இருந்தாங்க. எத்தினி தபா சொல்றது, அக்கா வந்துகினு கீறாங்க, அக்கா வந்துகினு கீறாங்கன்னு. என்னால முடியல. எனுக்கு ஒரு ‘எடு’ வேணும், நீ குடுத்துட்ட. அத வச்சிகினு எடுத்துட்டேன். நீ திட்டறப்பல்லாம், நீதான சொன்னன்னு வாய் வரிக்கும் வரும். மனசறிஞ்சி எப்பிடிக்கா சொல்றது?”

நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். வந்தது பாருங்கள் கோபம், மூன்று வருடத்தில் வராத கோபம். இது அசல். இதில் என் பிசகு பாதிதான், மீதி அவனுடையது, அவனே ஒத்துக்கொள்கிறான். தெரிந்தே எடுத்திருக்கிறான். மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்ட என்னிடம் இப்படி ஒரு நியாயத்தைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறான். இதை வைத்துக்கொண்டு இன்னும் முப்பது வருடம் வழக்கு நடத்தலாம்.

‘கோபம்’ என்று சொன்னேன். வாய்க்குள்தான். அது போகவில்லை. போகச் சொல்லவும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அணைத்தேன். அவன் மூச்சு விடுவது கேட்டது. அவனுக்கும் நாற்பது வயதாகிறது. அந்த வாசலில் அவனும் தனியாகத்தான் நின்றிருக்கிறான். எனக்கு ரொம்பக் களைப்பாக இருந்தது. ஜெயிக்கிற தெம்புகூட இல்லை.

“அக்கா, திட்டுக்கா” என்றான். “எதுனா பேசு.”

“சேகரு, அம்மா மொகம் எப்பிடிடா இருந்திச்சி?”

“இத நீ கேக்கவே இல்லியேக்கா, இத்தினி நாளா” என்றான். குரல் உடைந்துவிட்டது.

நிஜம். நான் கேட்டதே இல்லை. பார்க்க விடவில்லை என்று கத்தியதில், பார்த்தவனிடம் கேட்க மறந்துவிட்டேன்.

“சொல்லுடா.”

“சில பேரு சொல்வாங்க, சிரிச்சா மாதிரி இருந்திச்சி, தூங்கறா மாதிரி இருந்திச்சின்னு. அதெல்லாம் இல்லக்கா. கோவத்துல படுத்துகினா மாதிரிதான் இருந்திச்சி. சாப்பிட மாட்டேன் போன்னுட்டு படுக்கும் இல்ல, கீழ் ஒதட்ட உள்ள மடிச்சிகினு? அதே மாதிரி. குளிப்பாட்டறப்ப நான் வெரல வச்சி அந்த ஒதட்ட வெளிய எடுத்து உட்டேன். திரும்ப உள்ளயே போயிடிச்சி. ரெண்டு தபா எடுத்தேன். அப்புறம் உட்டுட்டேன்.”

எனக்கு அம்மா தெரிந்தாள். நெற்றிச் சுருக்கத்தோடு, மடித்த உதட்டோடு, யார் வந்து சமாதானம் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிற அந்த முகம் முழுதாகத் தெரிந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்தப் பக்கம் அவனும் அப்படித்தான் இருந்தான். நிலா எழுந்து வந்து, யாரோடு பேசுகிறாய் என்று சைகையில் கேட்டாள். “மாமா” என்றேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்புறம்?” என்றேன் தம்பியிடம். “என்னா பொடவ கட்டினீங்க?”